பொத்தான் கடைக்குப் பொருத்தம் பார்த்த கதை

எங்கள் மலையூர் நாரினின் சந்தையில் கடைசி வரிசைக்கு நல்லது செய்வதற்காக வெளியூரிலிருந்து ஆட்கள் வருவது புதிதல்ல. ஒரு முறை எல்லாக் கடைக்கும் ஒரே நிறத்தில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டுப் போனார்கள். முதல் காற்றிலேயே பாதி ஆற்றுக்குப் போய்விட்டது. இன்னொரு முறை, சிரித்த முகத்துடன் வியாபாரம் செய்வது எப்படி என்று இரண்டு நாள் பாடம் நடந்தது. அந்த வாரம் குளிர் மைனஸ் முப்பத்தொன்று. வாயைத் திறந்தால் பல் கூசும். பாடம் நடத்தியவரே கழுத்துத் துணியை மூக்கு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் சிரிப்பைப் பற்றிப் பேசினார். அதனால் போன ஜனவரியில் 'கெங் துகோன்' நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்து நின்றபோது வரிசையில் யாரும் பெரிதாக நிமிர்ந்து பார்க்கவில்லை.

என் பெயர் அப்தில்தா. கம்பளிக் காலுறையும் கையுறையும் விற்கிறேன். எனக்கு எதிர்க்கடை ஜிபருடையது. கடை என்றால், கப்பலில் சரக்கு ஏற்றிவரும் இரும்புப் பெட்டி. எங்கள் வரிசை முழுக்க அந்தப் பெட்டிகள்தான். நாங்கள் யாரும் கடலைப் பார்த்ததில்லை, பெட்டிகள் பார்த்திருக்கின்றன. ஜிபர் அதற்குள் பொத்தான், ஜிப், நூல், எலாஸ்டிக், ஊசி விற்றுப் பத்தொன்பது வருடம் ஆகிறது. இரும்புத் தரையில் அட்டை போட்டு, அட்டைமேல் கம்பளம் போட்டு, அதன்மேல் கம்பளி பூட்ஸ் போட்டு நிற்பாள். அப்படியும் குளிர் முழங்காலில் ஏறிவிட்டது. இன்னும் இரண்டு குளிர்காலம் இப்படி நின்றால் மூன்றாவதற்கு நிற்கவே முடியாது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள்.

வந்த பெண்ணின் பெயர் ஐதாய். இருபத்துநாலு வயது இருக்கும். மெல்லிய நகரத்துச் சப்பாத்து. அடையாள அட்டையில் அவளுடைய பதவி 'விற்பனையாளர் மகிழ்ச்சி அலுவலர்' என்று இருந்தது.

"அக்கா, நீங்க எவ்வளவு நாளா ஆஃப்லைன்ல இருக்கீங்க?" என்று ஜிபரிடம் கேட்டாள்.

"காலையிலதான் போச்சு. மத்தியானத்துக்குள்ள கரண்டு வந்துரும்" என்றாள் ஜிபர்.

ஐதாய் பொறுமையாக விளக்கினாள். கெங் துகோன் என்பது போனுக்குள் இருக்கும் சந்தை. அதில் யாரும் காசில்லாமல் பொருளைப் போடலாம். ஆனால் அந்தப் பொருள் நாற்பதாவது பக்கத்துக்குப் பின்னால் எங்கோ கிடக்கும். மாதாமாதம் இரண்டாயிரம் சோம் கட்டினால் தனிக்கடை கிடைக்கும். பெயர், படம், வாசல் எல்லாம் உண்டு. இந்தக் கட்டணக் கடை சின்ன வியாபாரிகளுக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று நிறுவனம் மனசாட்சியோடு முடிவெடுக்க விரும்புகிறது. அதற்காகப் பொருத்த மதிப்பீட்டு மன்றம் ஒன்று அமைத்திருக்கிறார்கள். அதன் சோதனைக்கு மாகாணத்துக்கு ஒரு சின்ன வியாபாரி. மூன்று மாதச் சோதனை. முதல் மாதம் இலவசம்.

"ஏம்மா என்னைத் தேர்ந்தெடுத்தீங்க? இந்த வரிசையில நாப்பது பேர் இருக்காங்க."

"இருக்கறதுலயே உங்க பொருள்தான்க்கா ரொம்பச் சின்னது."

ஜிபர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு, "இத வீட்டுல உக்காந்தே பண்ணலாமா? அடுப்புப் பக்கத்துல?" என்று கேட்டாள்.

"அதுக்குத்தானேக்கா எல்லாமே" என்றாள் ஐதாய். கால் மரத்துப்போய் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள். போகும்போது என்னிடம் ஒட்டக ரோமக் காலுறை இரண்டு ஜோடி வாங்கி, அங்கேயே ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டாள். சப்பாத்து நுழையவில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாடகைக் கார் நிற்கும் இடம் வரை நடந்தாள்.

மார்ச் கடைசியில் பெட்டிகளின் ஆண்டு ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்காமல் விட்டால் அன்றைக்கே அடுத்த ஆளுக்குப் போய்விடும். காத்திருப்போர் பட்டியலில் அறுபது பேருக்கு மேல். விட்டவர் திரும்ப வருவது இந்த ஜென்மத்தில் இல்லை. ஆகவே போன் கடை சரிவருமா என்று மார்ச்சுக்குள் ஜிபருக்குத் தெரிந்தாக வேண்டும். அவளுக்கு ஆசை இருந்தது. அதை நான் பார்த்தேன். தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வீட்டுல சமையல்கட்டு ஜன்னல் தெக்குப் பாத்தது அண்ணே, பனிக்காலத்துலயும் வெயில் வரும்" என்று இரண்டு தடவை சொன்னாள்.

கடை திறப்பதற்கே இருபத்தாறு நாள் ஆனது.

ஜிபரிடம் அறுநூற்றுப் பதினாலு வகைப் பொத்தான் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிய வேண்டும் என்றார்கள். வெள்ளைப் பின்னணியில் முன்புறம், பின்புறம், பக்கவாட்டு என மூன்று படம். அவள் கணவன் ஒரோஸ்பெக் பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்ப்பவன். வேலை முடிந்து வந்து, கைகழுவி, ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துப் படம் எடுத்தான். நூறாவது பொத்தானில் தட்டின் பூ ஓரமாகத் தெரிகிறது என்று முதல் நூறையும் திருப்பி அனுப்பினார்கள். பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள்கட்டு கேட்டு வாங்கி வந்து மறுபடி எடுத்தான்.

ஒவ்வொரு பொத்தானுக்கும் இருபத்திரண்டு கேள்வி. எடை எவ்வளவு? பேட்டரி உள்ளதா? காலாவதி நாள் எது? ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்தலாம்? ஜிபர் எதையும் விடாமல் நேர்மையாக நிரப்பினாள். நாலு துளைக் கறுப்புப் பொத்தான். அரை கிராம். பேட்டரி இல்லை. உடையும் வரை. ஒருவர்.

அடுத்தது, எந்தப் பிரிவில் வைப்பது? பொத்தானுக்கென்று அங்கே பிரிவு இல்லை. இயந்திரம் தானாகவே அதைக் குழந்தைகள் விளையாட்டுப் பொருளில் சேர்த்தது. மறுநாளே, விழுங்கும் ஆபத்து உள்ள பொருள் என்று அறுநூற்றுப் பதினாலுக்கும் எச்சரிக்கை வந்தது. ஐதாய் போனில் பேசி அதை 'இணைப்புச் சாதனங்கள்' பிரிவுக்கு மாற்றிவிட்டாள். அங்கே பொத்தான்கள் திருகாணிக்கும் குழாய் வளையத்துக்கும் நடுவே உட்கார்ந்தன. அந்த வாரம் ஜிபருக்கு வந்த விசாரிப்புகள் இவை: பன்னிரண்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஆகுமா? தண்ணீர் கசியாதா? கூரைத் தகடு தாங்குமா?

ஏழு நிமிடத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. தாண்டினால் 'மெதுவான கடை' என்று வாசலில் ஆமைப் படம் வரும். ஜிபர் அடுப்பில் சூப்பு பொங்கும்போதும், மாமியாருக்கு ஊசி போட மருத்துவமனைக்கு அழைத்துப்போனபோதும், கூரைத் தகடு தாங்காது என்று பதில் எழுதினாள்.

கடைக்கு முந்நூறு சொல்லில் ஒரு கதை வேண்டும் என்றார்கள். ஜிபர், "பட்டன் விற்கிறேன்" என்று எழுதி அனுப்பினாள். இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சொல் குறைகிறது என்று பதில் வந்தது. கடைசியில் ஐதாயே எழுதித் தந்தாள். மலைகளின் மடியில், மூதாதையரின் மூச்சில் பிறந்த பொத்தான்கள் என்று அது ஆரம்பித்தது.

"இது சீனாவுல பொறந்ததும்மா. பை மேலயே போட்டிருக்கு" என்றாள் ஜிபர்.

"அக்கா, கதையில பொறந்தது வேற, பையில பொறந்தது வேற" என்றாள் ஐதாய். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "எனக்கும் ஆபீஸ்ல ஸ்டார் போடறாங்கக்கா. உங்க கடை திறக்கலைன்னா எனக்கு ரெண்டு குறைஞ்சிரும்" என்றாள். அதற்குப்பின் ஜிபர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் மகிழ்ச்சிப் படிவம் ஒன்று வரும். 'இந்த வாரம் நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?' என்று கேட்டு, கீழே மூன்று முகம் போட்டிருக்கும். மூன்றும் சிரித்த முகம். சின்னச் சிரிப்பு, நடுத்தரச் சிரிப்பு, பெரிய சிரிப்பு. ஜிபர் ஒவ்வொரு வாரமும் சின்னதைத் தொட்டாள். நாலாவது வாரம், உங்கள் மகிழ்ச்சி தேக்கமடைந்துள்ளது, கவனம் தேவை என்று செய்தி வந்தது.

கடை திறந்து ஒன்பதாம் நாள் முதல் ஆர்டர் விழுந்தது. வாங்கியவர் கலிமா டீச்சர். ஜிபர் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. குளிர்காலக் கோட்டில் ஒரு பொத்தான் அறுந்துவிட்டது. வழக்கமாகக் கோட்டையே தூக்கிக்கொண்டு ஜிபர் கடைக்கு வருபவர்தான். ஜிபர் போனில் கடை போட்டிருக்கிறாளாமே என்று கேள்விப்பட்டு, பாவம், நம்மாலான உதவி என்று போனில் வாங்கினார்.

ஒரு பழுப்புப் பொத்தான். அதை ஒரு பெட்டியில் வைத்து, பெட்டியைக் குமிழ்த்தாளில் சுற்றி, அதன்மேல் 'உடையும் பொருள்' என்று ஒட்டி ஜிபர் கூரியரில் கொடுத்தாள்.

"மூணாவது தெருதானே, நானே போற வழியில குடுத்துட்டுப் போயிரவா?" என்று கூரியர்காரனைக் கேட்டிருக்கிறாள்.

"அது விதிமீறல் அக்கா. எல்லாப் பார்சலும் பிஷ்கேக் போய்த்தான் திரும்பி வரணும். அங்கதான் பிரிப்பாங்க" என்றான் அவன்.

பொத்தான் தலைநகர் பிஷ்கேக்குக்குக் கிளம்பியது. தொலோன் கணவாயில் பனிச்சரிவு. நாலு நாள் பாதை அடைத்துக் கிடந்தது. அது எங்கே இருக்கிறது என்று ஜிபர் போனில் பார்த்துக்கொண்டே இருந்தாள். 'உங்கள் பொருள் பயணத்தை ரசிக்கிறது' என்று வந்தது. பன்னிரண்டாம் நாள் அது டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டியது. அதுவரை டீச்சர் கோட்டை ஊக்குக் குத்திப் போட்டுக்கொண்டிருந்தார்.

பொத்தான் ஒத்துப்போகவில்லை. போனில் பழுப்பாகத் தெரிந்தது, கையில் பார்த்தால் செங்கல் நிறம். டீச்சர் அதைத் திருப்பி அனுப்பினார். அது மறுபடி கணவாய் ஏறியது. மறுநாள் அவர் கோட்டோடு சந்தைக்கு வந்தார். ஜிபர் கோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். தகர டப்பாவைத் திறந்து இரண்டு விரலால் துழாவி ஒரு பொத்தானை எடுத்துத் துணிமேல் வைத்தாள். இல்லை. அடுத்ததை வைத்தாள். அதுதான். எண்ணி அரை நிமிடம். அங்கேயே தைத்தும் கொடுத்தாள்.

டீச்சர் நன்றி உள்ளவர். வீட்டுக்குப் போய் கெங் துகோனில் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதினார்: 'பட்டன் ஒத்து வரல. நேர்ல போனேன், அரை நிமிஷத்துல எடுத்துக் குடுத்துட்டாங்க. ஜிபர் மாதிரி ஒருத்தர் கிடைக்க மாட்டாங்க.'

அன்று சாயங்காலமே ஜிபருக்கு அறிவிப்பு வந்தது. வாடிக்கையாளரைச் சந்தைக்கு வெளியே திசைதிருப்பிய குற்றத்துக்காகக் கடை ஐந்து நாள் மூடப்படுகிறது. அந்த ஐந்து நாளுக்கும் கட்டணம் உண்டு. மூடிய கடையைப் பராமரிப்பதுதான் அதிகச் செலவு என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

ஜிபர் போனை எடுத்துவந்து என்னிடம் காட்டினாள். "நான் யாரையும் திசைதிருப்பல அண்ணே. சந்தைக்குத்தானே வந்தாங்க, வெளிய எங்க போனாங்க?"

தேநீர் ஊற்றினேன்.

மார்ச் இரண்டாம் வாரம் மன்றத்தின் முடிவுக் கூட்டம் பிஷ்கேக்கில் ஒரு ஹோட்டலில் நடந்தது. தனியாகப் போகத் தயங்கி ஜிபர் என்னையும் கூப்பிட்டாள். துணைக்கு ஒருவர் வரலாம் என்று அழைப்பிலேயே போட்டிருந்தது. வாடகைக் காரில் ஆறு மணிநேரம். வழியெல்லாம் அவள் என்ன பேச வேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள்.

கூடம் நல்ல வெதுவெதுப்பு. கோட்டைக் கழற்றி வாங்கிக்கொள்வதற்கே ஒரு ஆள் நின்றான். ஓரத்தில் சம்சாவும் தேனும் வாதுமைப் பருப்பும் அடுக்கியிருந்தார்கள். மேடையில் மன்றத்தின் ஒன்பது உறுப்பினர்கள். வங்கியிலிருந்து ஒருவர், அமைச்சகத்திலிருந்து இருவர், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை, மீதி நிறுவனத்தின் ஆட்கள். அந்த ஒன்பது பேரில் எவரும் வாழ்நாளில் எதையும் விற்றதில்லை என்பதைத் தலைவரே பெருமையோடு அறிவித்தார். அதனால்தான் அவர்கள் நடுநிலையானவர்களாம்.

தலைவர் பெயர் மிர்லான் ஸமாதோவிச். நாற்பது வயது. சட்டைக் கழுத்தைத் திறந்துவிட்டு மேடையில் நடந்துகொண்டே பேசினார்.

"நண்பர்களே, சிறு விற்பனையாளர்தான் எங்கள் உயிர். பெரிய விற்பனையாளர் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் வக்கீலைக் கேட்கிறார். சிறு விற்பனையாளர் கட்டிவிட்டுத்தான் எங்களையே கேட்கிறார். இந்த நம்பிக்கைக்கு நான் தலைவணங்குகிறேன்."

கைதட்டினார்கள்.

"நம் வருமானத்தில் விற்பனையிலிருந்து வருவது நூற்றுக்கு நாலுதான். மீதி தொண்ணூற்றாறும் கடைகளின் கட்டணம். அதாவது, விற்பனையே நடக்காவிட்டாலும் அசையாத ஒரு சந்தையை நாம் கட்டியிருக்கிறோம். மழையோ பனியோ அதை ஒன்றும் செய்யாது. பழைய காலத்துச் சந்தைகளால் இது முடிந்ததா?"

முடியவில்லைதான். எங்கள் சந்தையில் விற்காதவன் மூடிவிட்டுப் போய்விடுவான்.

பிறகு திரையில் ஜிபரின் படம் வந்தது. இரும்புப் பெட்டிக்குள் நிற்கிறாள். கீழே பெரிய எழுத்தில்: நாரின் மாகாணம், வளர்ச்சி முந்நூறு சதவீதம். ஜிபர் என் பக்கம் குனிந்தாள்.

"என்ன அண்ணே அது? மொத்தமே நாலு ஆர்டர்தானே வந்துச்சு."

"ஒண்ணுல இருந்து நாலு. முந்நூறுதான்" என்றேன்.

"அதுல ஒண்ணு ஒரோஸ்பெக் வாங்குனது. ஒண்ணு எங்க அக்கா. இன்னொண்ணு ஐதாய் சரியா வேலை செய்யுதான்னு பாக்க வாங்குனா."

"சத்தமாச் சொல்லாத. அந்தப் பிள்ளைக்கு ஸ்டார் போயிரும்."

ஐதாய் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜிபருக்குப் பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள். ஒலிபெருக்கியின் உயரம் அவளுக்கு ஏற்றதாக இல்லை. ஒருவன் ஓடிவந்து அதை வளைத்துவிட்டுப் போனான். துண்டுத்தாளைப் பிரித்தாள், மறுபடி மடித்துக்கொண்டாள்.

"எனக்கு இது சரிப்பட்டு வரும்னு ஆசையாத்தான் இருந்துச்சு" என்றாள். "ஆனா பட்டன் வாங்க வர்றவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்கே தெரியாது. இந்தக் கோட்டுக்கு ஒத்தது வேணும்பாங்க, அவ்வளவுதான். கோட்டு அவங்க கையில இருக்கு, பட்டன் என் கையில இருக்கு. ரெண்டும் ஒரு எடத்துக்கு வரணும். மூணு சோம் சமாசாரம். அதுக்கு மாசம் ரெண்டாயிரம் எங்க போறது? பெரிய சாமானுக்கு ஒருவேளை நல்லா இருக்கலாம். எனக்குப் பொருந்தல. இன்னொருத்தி கேட்டாலும் அதான் சொல்லுவேன். நீங்க கேட்டீங்க, சொல்லிட்டேன்."

பேராசிரியை தொண்டையைச் செருமினார்.

"பார்க்காமல் வாங்கும் துணிவை உங்கள் வாடிக்கையாளரிடம் வளர்க்க நீங்கள் என்ன முயற்சி எடுத்தீர்கள்?"

"நான் எதுவும் எடுக்கலீங்க" என்றாள் ஜிபர்.

பேராசிரியை அதைக் குறித்துக்கொண்டார். அமைச்சகத்துக்காரர் ஒருவர், கோட்டுகளின் நிறத்தை நாடு முழுவதும் நாலு அல்லது ஐந்தாகக் குறைத்தால் இந்தச் சிக்கல் வராதே என்றார். அதற்கு ஒரு துணைக்குழு அமைக்கலாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

வாக்கெடுப்பு நடந்தது. ஏழு பேர் கை தூக்கினார்கள். வங்கிக்காரர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார், அவருடைய மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். ஒன்பதாவது ஆள் வெளியே போயிருந்தார், அவர் மனதளவில் ஆதரவு என்று பதிவானது. பிறகு மிர்லான் ஸமாதோவிச் முடிவை வாசித்தார்.

"கட்டணக் கடை சிறு விற்பனையாளருக்கு முழுமையாகப் பொருந்துகிறது என்று மன்றம் ஒருமனதாகக் காண்கிறது. சிறு விற்பனையாளர்தான் கட்டணக் கடைக்கு இன்னும் பொருந்தவில்லை. இந்த இடைவெளியைப் பயிற்சியால் நிரப்புவது நம் சமூகக் கடமை. பயிற்சிக்கான கட்டணம் பின்னர் அறிவிக்கப்படும்."

சம்சா தீரும் நேரத்தில் அவரே எங்களிடம் வந்தார். ஜிபரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அருமையாப் பேசினீங்க. உங்க முகத்துல ஒரு நம்பகம் இருக்கு. எங்களுக்குப் பயிற்சியாளர் வேணும். நாரின் மாகாணம் முழுக்க நீங்க பாத்துக்கலாம். மாசச் சம்பளம், கார், சூடேத்தின கூடம். ஒரு நாளைக்கு ரெண்டு மணிநேரம் பேச்சு, அவ்வளவுதான்."

ஜிபர் அந்தக் கூடத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள்.

"சனங்ககிட்ட நான் என்ன சொல்லணும்?"

"உங்க அனுபவத்தச் சொல்லுங்க."

"அதத்தானே இப்பச் சொன்னேன்."

"அது கருத்துங்க" என்றார் அவர், ரொம்ப அன்பாக. "அனுபவத்த நாங்க எழுதித் தருவோம்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் ஜிபர். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மிர்லான் ஸமாதோவிச் தலைநகரத்துக்காரர், அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் அவள் கொச்கோர் ஊர் தாண்டியபின், "என்ன கதகதப்பு அண்ணே அந்தக் கூடம்" என்றாள். கணவாயில் காற்று காரைத் தள்ளியது.

மார்ச் முப்பதாம் தேதி அவள் பெட்டியின் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தாள். மறுநாள் கெங் துகோன் கடையை மூட உட்கார்ந்தாள். மூடுவதற்கும் ஒரு படிவம். காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. 'மிகுந்த வெற்றியால் ஓய்வு பெறுகிறேன்', 'வெளிநாடு செல்கிறேன்', 'இன்னும் பெரிய கடைக்கு மாறுகிறேன்.' வேறு எதுவும் இல்லை. ஒரோஸ்பெக் வெளிநாட்டைத் தொடச் சொன்னான். தொட்டாள். எந்த நாடு என்று கேட்டது. ஒரு மணிநேரம் கழித்து, பயணம் இனிதே அமையட்டும், அங்கும் எங்கள் கிளை உண்டு என்று வாழ்த்து வந்தது.

இந்தக் கதையை நான் இங்கேயே முடித்தால் எனக்கு நல்லது. ஆனால் ஏப்ரலில் ஐதாய் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, ஜிபர் அக்கா போனையே எடுக்கறதில்ல. அந்த வேலை இன்னும் காலியாத்தான் இருக்கு. நீங்க பாக்கறீங்களா?"

"நான் அதுல ஒரு காலுறைகூட வித்ததில்லம்மா."

"அதான் அண்ணே உங்க பலம். உங்களுக்கு எந்தக் கசப்பும் கிடையாது."

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த இரும்பின்மேல் நானும் இருபத்திரண்டு வருடம் நின்றிருக்கிறேன். சரி என்றேன். இரண்டு நாள் யோசித்தேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும், ஆனால் யோசிக்கவில்லை. அந்தப் பேச்சு முடியும்போது தேநீர்கூட ஆறவில்லை.

ஜிபரிடம் ஒரு வாரம் சொல்லாமல் இருந்தேன். கடைசியில் என் பெட்டியில் நிற்க ஆள் பார்க்கிறேன் என்பது தெரிந்து அவளே கேட்டாள். சொன்னேன். அவள் ஜிப் ஒன்றுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"போங்க அண்ணே" என்றாள். "உங்களுக்காவது ஆகட்டும்."

திட்டியிருக்கலாம்.

இப்போது வாரம் மூன்று ஊர். நேற்று ஆத்-பாஷியில் கலாசார மண்டபத்தில் பயிற்சி. நாற்பத்திரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். கணப்பு நன்றாக எரிந்தது. என் அனுபவத்தைத் திரையில் போடும் பதினெட்டுப் படமாக எழுதித் தந்திருக்கிறார்கள். வரிசை மாறாமல் சொன்னேன். பத்தாவது படம் ஓடும்போது முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். முப்பது வயது இருக்கும், கையில் ஒரு துணிப்பை.

"அண்ணே, இதுல நீங்க என்ன வித்தீங்க?"

அந்தக் கேள்வி எல்லா ஊரிலும் வரும். வந்தால் என்ன செய்வது என்று எழுதியே தந்திருக்கிறார்கள்.

"நீங்க என்ன விக்கப் போறீங்கன்னு சொல்லுங்க மொதல்ல" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. பையிலிருந்து உலர்ந்த தயிர் உருண்டைகளை எடுத்துக் காட்டினாள். புகை போட்டது, மிளகாய் போட்டது, குழந்தைகளுக்கென்று உப்புக் குறைத்தது. பேரே வைத்துவிட்டாளாம். என்ன பேர் என்று எல்லாரும் கேட்டார்கள். சொன்னாள். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

படிவம் நிரப்ப முதலில் வந்ததும் அவள்தான். மேசைமேல் குனிந்து கையெழுத்துப் போடப் பார்த்தாள். அவள் பேனா எழுதவில்லை. உதறினாள், நாக்கில் தொட்டுப் பார்த்தாள், அப்படியும் எழுதவில்லை.

என் பேனாவைக் கொடுத்தேன்.